நாலாவது பிள்ளை

நான்கு வயதில் நான் சொன்ன ஒரு பொய்யால்தான் எங்கள் வீட்டுக்கு மூன்று ஏக்கர் வயலும் இரண்டு ஏக்கர் மேட்டுக்காணியும் கிடைத்தன. வாயால் வயல் சம்பாதித்த பிள்ளை வன்னியில் வேறு யாராவது இருந்தால் காட்டுங்கள், கும்பிடுகிறேன். பத்து வயதில் அதே பொய்யை இன்னொரு தடவை சொன்னேன். முதல் தடவை சொன்னபோது அது பொய் என்று எனக்குத் தெரியாது. இரண்டாம் தடவை நன்றாகத் தெரியும்.

அக்கராயன் குளத்துக்குக் கீழே காடு வெட்டிக் காணி கொடுக்கப்போகிறார்கள் என்ற செய்தி யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது, அங்கே எங்கள் ஊரில் பாதிப்பேருக்கு நித்திரை போய்விட்டது. என் மாமா வீரகத்தி அதில் ஒருவர். ஆச்சியின் அண்ணன். ஆச்சி என்று நான் சொல்வது என்னைப் பெற்ற தாயை. மாமா குத்தகைத் தோட்டத்தில் புகையிலை நட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவர், சொந்தமாக ஒரு பரப்புக் காணியும் இல்லாதவர். அரசாங்கம் காணி பிரித்துக்கொடுக்கிற காணிக் கச்சேரியில் பிள்ளைகள் கூடின குடும்பத்துக்குத்தான் முதலிடம், நாலுக்குக் குறைந்தால் பேரையே கூப்பிடமாட்டார்கள் என்று ஊரெல்லாம் கதை. மாமாவுக்கு இருந்தது மூன்று பிள்ளைகள்.

என் வீட்டில் நாங்கள் ஐந்து பெண்கள். நான் நாலாவது. மாமா வந்து விஷயத்தைச் சொன்னதும், என் தகப்பன் நடராசா அதிகம் யோசிக்கவில்லையாம். எங்கள் தோட்டத்தில் கத்தரிக்காய் கேட்டு வருபவர்களுக்குப் பிடுங்கிக்கொண்டு போ என்று சொல்வதுபோல, ஒன்றைக் கூட்டிக்கொண்டு போ என்றாராம். ஐவரில் என்னைத் தேர்ந்தது மாமாதான். மூத்தவர்கள் மூவரும் விவரம் தெரிந்தவர்கள், கடைசி கைக்குழந்தை. நான் வாய்க்காரி, சொன்னதைப் பிசகாமல் திருப்பிச் சொல்வேன்.

கச்சேரி வாசலில் மாமா ஒரு தோடம்பழ இனிப்பை எடுத்து என் கையில் வைத்தார். தோடம்பழச் சுளையைப் போலவே செய்து மேலே சீனி தூவின இனிப்பு. உள்ளே காணி கொடுக்கிற துரை கேட்டால் இவர்தான் என்ர ஐயா என்று சொல்லவேண்டும், அவ்வளவுதான் பாடம். எங்கள் வீட்டில் தகப்பனை அப்பு என்றுதான் கூப்பிடுவோம். ஐயா என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் ஆள் இல்லை. ஆகையால் அதை மாமாவுக்குக் கொடுப்பதில் எனக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. துரை குனிந்து, இது ஆர் என்று கேட்டார். ஐயா என்றேன். மூன்றாம் மாதம் காணிக்குப் பெர்மிட் வந்தது.

ஒரு வருடத்தில் என்னைத் திருப்பிக் கொண்டுபோய் விடுவதாகத்தான் பேச்சு. ஆனால் குடியேற்றத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் அடிக்கடி வந்து வீட்டில் தலைகளை எண்ணினார். அதோடு எங்கள் ஊர் அப்புத்துரையைப் பற்றிய பயமும் சேர்ந்துகொண்டது. அவருக்கும் மூன்று பிள்ளைகள். கச்சேரியில் மூன்று என்று உள்ளதைச் சொல்லி, காணி கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பியவர். வீரகத்தி என்ன செய்து காணி எடுத்தான் என்று எனக்குத் தெரியும், கச்சேரிக்குப் புகார் சொல்லிப் பெட்டிசம் ஒன்று போட்டால் போதும் என்று அவர் தேநீர்க்கடையில் சொன்னாராம். எங்கள் ஆட்களுக்குச் சோறு இல்லாவிட்டாலும் ஒரு நாளைத் தள்ளிவிடலாம், அடுத்தவனைப் பற்றிப் பெட்டிசம் எழுதாமல் இருப்பதுதான் கஷ்டம். அதனால் நான் அங்கேயே நின்றுவிட்டேன். மாமா எனக்கு ஐயாவானார், மாமி இரஞ்சிதம் அம்மாவானா. ஆச்சி வருடத்துக்கு ஒரு தடவை பனை ஒடியலும் பினாட்டும் கட்டிக்கொண்டு வருவா. அயலவர்கள் நிற்கும்போது நான் அவவை மாமி என்று கூப்பிடவேண்டும். கூப்பிட்டேன். அவ வேறு பக்கம் பார்த்துக்கொண்டு ஓம் என்பா.

ஐயாவைக் கெட்டவர் என்று யாரும் நினைக்கவேண்டாம். பாலைமரங்களைத் தறித்து, வேர் கிளப்பி, இரண்டு தடவை காய்ச்சலில் கிடந்து எழும்பி உண்டாக்கின வயல் அது. யானை வந்து வாழையைத் தின்றுவிட்டுப் போனால், அடுத்த நாளே திரும்ப நடுவார். தன் பிள்ளைகள் மூத்த அக்காவுக்கும் சின்னராசாவுக்கும் கமலாசனிக்கும் சட்டை வாங்கினால் எனக்கும் வாங்குவார். அடித்தால் எல்லோருக்கும் ஒரே அளவுதான் அடி. அம்மா என் தலையை வாரிவிடும்போது பேன் பார்த்துக்கொண்டே பாட்டு முணுமுணுப்பா. நான் அவர்களை நேசித்தேன். அதுதான் பிறகு என் காலைக் கட்டியது.

எங்கள் பள்ளிக்கூடம் ஒரு கிடுகுக் கொட்டில். ஐந்தாம் வகுப்புவரை உண்டு. தலைமை வாத்தியார் இளையதம்பி செவ்வாய்க்கிழமை மத்தியானம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்குவார், வியாழக்கிழமை மத்தியானம் பஸ் ஏறிவிடுவார். மிச்ச நாட்களில் உதவி வாத்தியார் பெருக்கல் வாய்பாட்டைச் சொல்லச் சொல்லிவிட்டுக் கதிரையில் சாய்ந்திருப்பார். என்னைச் சேர்த்த அன்று இளையதம்பி வாத்தியார் இடாப்பில் தகப்பன் பெயர் வீரகத்தி என்று எழுதிக்கொண்டு பிறப்புப் பத்திரத்தைக் கேட்டார். பிறகு கொண்டுவாறன் என்றார் ஐயா. ஐம்பத்தேழில் வெள்ளம் வந்து குடியேற்றத்தில் முக்கால்வாசி வீடுகள் கரைந்துபோனபின், பத்திரம் வெள்ளத்தில் போய்விட்டது என்றார். வெள்ளத்தில் எங்கள் ஆடு போனது, நெற்கூடு போனது. என் பத்திரம் மட்டும் யாழ்ப்பாணத்தில் ஆச்சியின் தகரப்பெட்டிக்குள் நனையாமல் கிடந்தது.

நான் படிப்பில் கெட்டிக்காரி. அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. வாரத்தில் இரண்டு நாள் நடக்கும் பள்ளிக்கூடத்தில் படித்து, சீனி சுற்றிவந்த பத்திரிகைத் துண்டுகளை மணந்து மணந்து வாசித்து, ஐந்தாம் வகுப்புக் கணக்குகளை நான்காம் வகுப்பிலேயே முடித்தவள். இதை வாத்தியார் கண்டுகொண்டதற்கு ஒரு காரணம் இருந்தது. இப்படியான கஷ்டப் பிரதேசத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பிள்ளை புலமைப்பரிசில் சோதனையில் பாஸ் பண்ணினால், அந்தத் தலைமை வாத்தியாருடைய இடமாற்ற மனுவைக் கவனிப்பார்கள் என்று மேலிடத்தில் யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். அந்த வருடம் அவர் திங்கட்கிழமையே வந்தார். வெள்ளிக்கிழமையும் நின்றார். எனக்கென்று புதுக் கொப்பி கொண்டுவந்து கொடுத்தார். ஐயாவுக்கு நான் பெர்மிட், வாத்தியாருக்கு நான் இடமாற்றம். ஆனாலும் அந்த ஒரு வருடம் போல நான் சந்தோஷமாக இருந்ததில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பத்திரம் பிறகு வரும் என்று வாத்தியார் பொறுப்பெடுத்து எழுதிக்கொடுத்ததில் சோதனை எழுத விட்டார்கள். கிளிநொச்சிக்குப் போய் எழுதினேன். மார்கழி மாதம் கடிதம் வந்தது. பாஸ். விடுதியுள்ள ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் இடம். தங்குவதும் சாப்பாடும் புத்தகமும் இலவசம். கெட்டிக்காரத்தனமாக இருந்தால் டாக்குத்தராகவும் வரலாம் என்றார் வாத்தியார். நான் நம்பினேன். ஐயாவின் பழைய தகரப்பெட்டியைக் கேட்டு வாங்கி, சாம்பல் போட்டுத் தேய்த்து வெயிலில் காயவைத்தேன். அம்மா கோதுமை மா வந்த துணிப்பையை வெட்டி எனக்கொரு தலையணை உறை தைத்தா.

கடிதத்தின் அடியில் ஒரு வரி இருந்தது. தை மாதம் முப்பத்தோராம் தேதிக்கு முன் பிறப்புப் பத்திரத்தைக் காட்டாவிட்டால், அந்த இடம் பட்டியலில் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும்.

பத்திரம் ஆச்சியிடம் இருப்பது எனக்குத் தெரியும், எடுப்பியுங்கோ என்று அம்மாவைக் கெஞ்சினேன். அவ குசினிக்குள் போய் அடுப்பை ஊதினா. எரிந்துகொண்டிருந்த அடுப்பைத்தான் ஊதினா. கடைசியில் ஐயாவே சொன்னார்.

"அந்தக் கடதாசியில நடராசா எண்டெல்லோ கிடக்கு, பிள்ளை."

அவ்வளவுதான் விஷயம். அந்தக் கடதாசி வெளியில் வந்தால் எனக்குப் பள்ளிக்கூடம். உள்ளே கிடந்தால் அவர்களுக்கு வயல். இரண்டையும் சேர்த்து வைத்திருக்க வழி இருக்கவில்லை. ஐயா தை பிறக்கட்டும், பார்ப்போம் என்றார். தை பிறந்தது. பார்க்கவில்லை.

பார்த்தவர் வாத்தியார். தன் இடமாற்றம் வெள்ளத்தில் போக அவர் விடுவாரா? இடாப்பில் இருந்த என் பிறந்த தேதியையும் ஊரையும் எழுதி எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணத்தில் பதிவுக் கந்தோருக்குப் போய், ஒரு நாள் முழுக்க வாங்கில் குந்தியிருந்து காத்திருந்து, பத்திரத்தின் பிரதியை எடுத்துவந்துவிட்டார். விமலேஸ்வரி, பெண், தேதி சரி, ஊர் சரி. தகப்பன் நடராசா, தாய் நாகேஸ்வரி. வேறு யாராவது என்றால் யோசித்திருப்பார்கள். பதிவுகாரன் பிழையாக எழுதிவிட்டான் என்று வாத்தியார் முடிவுகட்டினார். தாயும் தகப்பனும் இரண்டு பேருமே பிழையாக எழுதப்படுவார்களா என்ற கேள்வி அவருக்கு வரவில்லை. யாழ்ப்பாண பஸ் அவர் கண்ணுக்குள் நின்றது.

அந்தச் சந்தோஷத்தில் எங்கள் வீட்டுக்குக்கூட வராமல் நேரே குடியேற்ற உத்தியோகத்தரிடம் போயிருக்கிறார். இந்தப் பிள்ளை வீரகத்தியின் பிள்ளைதான், பத்திரத்தில் இருப்பது பிழை என்று ஒரு கடிதம் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார். எங்கள் காணிக் கடதாசிகள் கட்டின கோவை இருக்கும் மேசைக்கே என் பத்திரத்தைக் கொண்டுபோய் வைத்தார் அந்தப் புண்ணியவான். உத்தியோகத்தர் பத்திரத்தைப் பார்த்தார், கோவையை எடுத்துப் பார்த்தார். பிள்ளையையும் தகப்பனையும் புதன்கிழமை கந்தோருக்கு வரச்சொல்லுங்கள் என்றார். அந்தப் புதன்கிழமை தேதி இருபது. பதினொரு நாள் மிச்சம்.

செய்தி வந்த பிறகு வீட்டில் யாரும் என்னிடம் இப்படிச் சொல்லு, அப்படிச் சொல்லு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது எனக்குப் பெரிய பாரமாக இருந்தது. புதன்கிழமை காலையில் அம்மா எனக்கு அரப்பு வைத்து முழுக வார்த்து, தலை உணர்த்தி, இரட்டைப் பின்னல் பின்னிவிட்டா. பின்னினதை அவிழ்த்துத் திரும்பவும் பின்னினா. காடு வெட்ட வந்தபின் பிறந்த தம்பி வாசலில் நின்று, அக்கா எங்க போறா என்று திருப்பித் திருப்பிக் கேட்டான்.

ஐயா சைக்கிள் பாரில் என்னை இருத்திக்கொண்டு வாய்க்கால் கரையால் போனார். பயிர் கதிர் தள்ளியிருந்த காலம். அவர் ஒவ்வொரு வரம்பாகப் பார்த்துக்கொண்டு வந்தார். மதகடியில் இறங்கி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தபோதுதான் வாயைத் திறந்தார்.

"விமலம், நீ என்ன சொன்னாலும் நான் உன்னைக் கோபிக்கமாட்டன்."

அதைவிட அவர் என் கன்னத்தைப் பொத்தி ஒன்று போட்டிருக்கலாம். வெருட்டியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். கோபம் வந்திருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன். அவர் வேண்டுமென்று சொன்னாரா, மனதில் பட்டதைச் சொன்னாரா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

கந்தோரில் வாத்தியார் எங்களுக்கு முன்பே வந்து, வெள்ளை வேட்டி சால்வையோடு சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உத்தியோகத்தர் நல்ல மனிதர். குரலை உயர்த்தவில்லை. பத்திரத்தையும் கோவையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு ஐயாவைப் பார்த்தார்.

"வீரகத்தி, இந்தப் பத்திரம் இந்தப் பிள்ளையின்ர எண்டால், நீர் கச்சேரியில சொன்னது பொய். நான் மேலிடத்துக்கு எழுதித்தான் ஆகவேணும், பெர்மிட்டை நிப்பாட்டுவினம். பத்திரம் இவவின்ர இல்லை எண்டால் நான் ஒண்டும் எழுதத் தேவையில்லை, ஆனா பிள்ளைக்கு இதால பிரயோசனமில்லை. ரெண்டில எது எண்டு சொல்லும்."

வாத்தியாரின் சிரிப்பு அப்போதுதான் நின்றது. ஐயா தன் காலைப் பார்த்தார். சேற்றில் வெடித்த கால். அறையில் மூன்று பெரியவர்கள். ஒருவர் சட்டம் தெரிந்தவர், ஒருவர் எழுத்துத் தெரிந்தவர், ஒருவர் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தவர். மூவரும் கடைசியில் பத்து வயதுப் பிள்ளையைத்தான் பார்த்தார்கள். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"பயப்பிடாமச் சொல்லு பிள்ளை. இவர் உனக்கு ஆர்?" என்றார் உத்தியோகத்தர்.

மேசையில் என் பத்திரம் கிடந்தது. அதில் ஆச்சியின் பெயர் இருந்தது. கையை நீட்டினால் எட்டும். மாமா என்ற ஒரு சொல்தான் தேவை. அந்தச் சொல் பொய்யும் அல்ல. தகரப்பெட்டியை நினைத்தேன். பெரிய பள்ளிக்கூடத்தில் கட்டில் இருக்கும், ஆளுக்கொரு கட்டில் என்று வாத்தியார் சொல்லியிருந்ததை நினைத்தேன். பிறகு அம்மா பின்னலை அவிழ்த்துத் திரும்பவும் பின்னினது நினைவுக்கு வந்தது. அந்த வயலை நம்பி ஏழு பேர் சாப்பிடுகிறோம் என்பதும் நினைவுக்கு வந்தது.

"ஐயா" என்றேன்.

உத்தியோகத்தருக்கு உண்மை தெரியும். முகத்தில் தெரிந்தது. இந்தப் பத்திரம் இப்பிள்ளைக்கு உரியதல்ல என்று ஒரு துண்டில் எழுதி வாத்தியாரிடம் நீட்டினார். பிறப்புப் பதியாத பிள்ளை என்றால் வேறு ஒரு வழி இருக்கிறது, பிறந்த ஊர் விதானையார் விசாரித்து, அங்கே அறிவித்தல் ஒட்டி, உத்தேச வயதுப் பத்திரம் எடுக்கலாம் என்றார். ஐயா ஓம் ஓம் என்று தலையாட்டினார். அந்த ஊரில் அறிவித்தல் ஒட்டினால் ஊரே விழுந்து விழுந்து சிரிக்கும் என்பதும், அப்புத்துரை முதலாவது ஆளாய் வந்து வாசிப்பார் என்பதும் அவருக்குத் தெரியும். முப்பத்தோராம் தேதி வந்தது, போனது. என் இடம் அடுத்த பிள்ளைக்குப் போயிற்று. அது ஆர் என்று எனக்குத் தெரியாது.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். பத்திரம் இல்லாவிட்டால் என்ன, பாஸ் பாஸ்தானே. சித்திரையில் இளையதம்பி வாத்தியாருக்குச் சொந்த ஊருக்கே இடமாற்றம் கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் மாலை போட்டு அனுப்பினோம். வாழ்த்துப்பா வாசித்தது நான். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு இல்லாதபடியால் அதோடு என் படிப்பும் முடிந்தது. நாற்று நட்டேன், களை பிடுங்கினேன், தேய்த்து வைத்த பெட்டிக்குள் அம்மா விதைநெல் போட்டு வைத்தா. முறைப்படி சின்னராசா எனக்கு மச்சான், கடதாசிப்படி அண்ணன். ஆகவே அந்த வீட்டுக்கு மருமகளாகவும் வழி இல்லை. பெர்மிட்டில் அடுத்த உரித்து ஒரு பிள்ளைக்குத்தான் எழுதலாம் என்பதால் அது சின்னராசாவுக்குப் போயிற்று, மகளென்ற பங்கும் எனக்கு இல்லை.

அறுபத்தேழில் நெடுங்கேணிப் பக்கம் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். பதிவின்போது தகப்பன் பெயர் வீரகத்தி என்றுதான் எழுதினேன். என்னைப் பெற்ற அப்பு விருந்தாளிகளோடு பாயில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்புத்துரையும் வந்திருந்தார். சாட்சிக்கு ஒருவர் குறைந்தபோது, ஊர்க்காரன் தானே என்று அவரையே கூப்பிட்டார்கள். அவர் வந்து பெருவிரலை மையில் தோய்த்து வைத்துவிட்டுப் போனார். பெட்டிசம் எழுதிக்கொடுக்க ஆட்கள் இல்லாமல் இல்லை, அது வேறு. ஆனால் பதினான்கு வருடமாய் எங்கள் வீட்டை நடுங்கவைத்த மனிதருக்குத் தன் பெயரைக்கூட எழுதத் தெரியாது என்பதை அன்றுதான் கண்டேன். அவர் ஒரு நாளும் ஒரு பெட்டிசமும் போட்டதில்லை. பாயாசம் நல்லாயிருக்கு என்று சொல்லி இரண்டு தடவை வாங்கிக் குடித்தார்.

அந்தப் புதன்கிழமை கந்தோரால் திரும்பி வந்ததை இன்னும் சொல்லவில்லை. வாத்தியார் சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஐயா சந்திக் கடையடியில் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே போனார். வீட்டில் கமலாசனி இருக்கிறாள், தம்பி இருக்கிறான். எது வாங்கினாலும் எல்லோருக்கும் சமமாய் வாங்கும் மனிதர் அவர். அன்றைக்கு ஒன்றே ஒன்றுதான் வாங்கினார். என் முகத்தைப் பாராமல் என் கையை விரித்து அதை வைத்துப் பொத்திவிட்டார்.

திறந்து பார்த்தேன். தோடம்பழ இனிப்பு.

வீசி எறிந்தேன் என்று சொல்ல ஆசைதான். எறியவில்லை. சைக்கிள் பாரில் இருந்தபடி, மதகு தாண்டி வீடு வருமட்டும் அதைத் தின்றுகொண்டு போனேன்.